கட்டியக்காரன் கடல் தாண்டமாட்டான்

கர்ண மோட்சம் கூத்தைப் பார்க்காமல் யாரும் கண்ணை மூடக்கூடாது என்பது என் கட்சி. அதையும் வந்தவாசி, தேசூர், செஞ்சி வட்டாரத்தில், கத்திரி வெயில் அடங்கிய ஓர் இரவில், ஊர்ப் பொட்டலில் பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடியப் பார்க்க வேண்டும். மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள். நான் தயார்.

இந்த முறை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் மட்டக்களப்புக்காரர். படுவான்கரைப் பக்கம் ஊர். குடும்பத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார்கள் உண்டு, அவரே வடமோடிக் கூத்தில் அருச்சுனனாக ஆடியவர். எங்கள் கூத்துதான் கூத்து என்று நான் சொல்வேன், போ தம்பி என்று அவர் சிரிப்பார். போனிலேயே எத்தனை நாள் வாதாடுவது? நேரில் வந்து பாருங்கள் அண்ணே என்று கூப்பிட்டேன். வந்தார். அடடா, அந்த இரவு!

கூத்து தொடங்க ராத்திரி பத்து மணியாகும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பகலில் சீயமங்கலம் குடைவரைக்கு அழைத்துப் போனேன். செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். சீயமங்கலத்தை விட்டுவிடுகிறார்கள், பாவம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்த கோயில் இது. அங்கே இருக்கும் கல்வெட்டு இதை அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்கிறது. சாமிக்குத் தூணாண்டார் என்று பெயர். எவ்வளவு கம்பீரமான பெயர் பாருங்கள்! பிற்காலத்து மண்டபங்களைக் கடந்து உள்ளே போனால் குடைவரையின் முகப்பு. அங்கே ஓர் அரைத்தூணின் மேல் பகுதியில், உள்ளங்கையால் மறைத்துவிடலாம் போல அடக்கமாக, சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டுக் கல்லில் கிடைக்கும் மிகப் பழைய ஆடவல்லான் உருவங்களில் ஒன்று. தூக்கிய கால், பக்கத்தில் படமெடுத்த பாம்பு, காலடியில் வாத்தியம் வாசிக்கும் ஓர் உருவம். பிற்காலத்துச் செப்புத் திருமேனிகளின் மினுமினுப்பெல்லாம் இல்லை. அப்போதுதான் காலைத் தூக்கின மாதிரி ஒரு வேகம் மட்டும் இருக்கிறது.

அண்ணன் சிவனைப் பார்க்கவே இல்லை. காலடியில் இருப்பவரைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார். "முதல்ல அடிக்கிற ஆளப் பாக்கணும் மனே. மறுகாதான் ஆட்டம்" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு கூத்துப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கூத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பங்குனி பிறந்துவிட்டால் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டத்துச் சுவர்களில் 'மகாபாரத அக்னி வசந்த விழா' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா அது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். கேட்கப் பெரியவர்களும், நிழல் தேடி வந்த ஆடுகளும் இருப்பார்கள். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கூத்து. கடைசி நாள் காலை படுகளம். துரியோதனனை மண்ணால் மலைபோலப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் அதன் மேல் ஏறித் தொடையைப் பிளப்பார், திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. இந்த வழிபாட்டுக்கெல்லாம் மூலஸ்தானம் செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி கோயில்தான் என்று இங்கே நம்புகிறார்கள். ஆல்ஃப் ஹில்டெபைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இங்கே வருஷக்கணக்காகச் சுற்றி, 1988இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். அதன் துணைத்தலைப்பிலேயே குருக்ஷேத்திரத்துக்குச் சமமாகச் செஞ்சி உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் போன ஊரில் அன்றைக்குக் கர்ண மோட்சம். ஆட்டக்களத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம். ஓரத்தில் ஒரு பெரியவர் முகவீணையோடு. முகவீணை வாசிக்க ஆள் கிடைப்பதே இப்போது அபூர்வம். நாதஸ்வரத்தின் பேரப்பிள்ளை அளவுதான் இருக்கும். ஆனால் அது பிடிக்கிற உச்சத்தில் வயல் தாண்டி அடுத்த ஊர் நாய் எழுந்து உட்காரும். பெரியவர் கன்னத்தை உப்பி ஊதியதும் என் முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. ஒவ்வொரு முறையும் ஓடுகிறது, என்ன செய்வேன்!

பிறகு திரைப் பிரவேசம். உலகத்தில் எந்த நாடகத்திலும் இதைவிட அழகான நுழைவு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்கிறார்கள். கர்ணன் அதற்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறார். நமக்குத் தெரிவது துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, துணிக்குக் கீழே சலங்கை கட்டின கால். நடுவில் இருக்கிற ஆளைக் குரல்தான் நமக்குக் காட்ட வேண்டும். பாட்டு ஏற ஏறக் கிரீடம் ஆடுகிறது, கண்ணாடிச் சில்லுகள் வெளிச்சத்தை வாரி எறிகின்றன. மிருதங்கம் சூடு பிடிக்கிறது. துணியை வெடுக்கென்று உருவுகிறார்கள். கட்டை வேடத்தில், புஜகீர்த்தியும் மார்பதக்கமுமாக, சிவந்த முகத்தோடு கர்ணன்! அடுத்த நொடி கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பிக்கிறார். அவ்வளவு பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் அப்படிச் சுற்றலாமா? சுற்றி நிற்கும்போது கால் தாளத்தில் கச்சிதமாக விழுகிறது. அண்ணன் என் தொடையில் ஓர் அடி வைத்தார். மறுநாள் பார்த்தால் கன்றிப்போயிருந்தது.

கர்ணனும் மனைவி பொன்னுருவியும் பிரிகிற கட்டம் வந்தபோது மணி இரண்டோ மூன்றோ. போருக்குப் போகாதே என்று அவள் தடுக்கிறாள், இவன் போயே தீர வேண்டும். தருவுக்குத் தரு பதில். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டிகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். கதை தெரியாமலா? நாற்பது ஐம்பது வருஷமாகப் பார்க்கிறவர்கள். சாகப்போகிறான் என்று தெரிந்தே அழுகிறார்கள். இந்தப் பாட்டுகளில் ஒரு சொல் விடாமல் அண்ணனுக்குப் புரிந்தது. புரிந்தது மட்டுமா, சில இடங்களில் அடுத்த அடி எப்படி வளையும் என்று ஊகித்து வாயசைத்தார். விருத்தம், கொச்சகம், தாழிசை, தரு எல்லாம் அங்கேயும் உண்டு. மட்டக்களப்பிலும் கர்ணன் சாகிறான். அங்கேயும் பாட்டிகள் அழுகிறார்கள்.

அப்புறம் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வாயைத் திறந்தான். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா ராஜா, சண்டைக்குப் போறேன் சண்டைக்குப் போறேன்னு சொல்லிகினு கீறியே, வூட்ல ரேஷன் அரிசி வாங்கி வச்சிட்டு வந்தியா?" கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவருக்குப் பாதி பிடிபடவில்லை. தொடர்ந்து ஊராட்சித் தலைவரைப் பற்றி, போர்வெல்லைப் பற்றி, பொன்னுருவி புருஷனை மிரட்டுகிற விதத்தைப் பற்றி வட ஆற்காட்டுப் பேச்சில் பொழிந்து தள்ளினான். நான் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். தமிழைத் தமிழில்தான்!

அங்கேதான் எனக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. கூத்தில் இரண்டு தமிழ் ஓடுகிறது. ராஜாக்களின் பாட்டுத் தமிழுக்கு ஊர் கிடையாது, எல்லை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. செஞ்சியில் பாடினால் பாண்டிருப்பில் புரியும். கட்டியக்காரனின் தமிழோ அந்த மண்ணைத் தவிர வேறெங்கும் செல்லாது. நாற்பது கல் தள்ளிப் போனாலே நகைச்சுவை பாதியாகிவிடும், கடல் தாண்டினால் கேட்கவே வேண்டாம். இந்த இரண்டும் ஒரே களத்தில் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு நிற்பதுதான் ஐயா கூத்து. பாட்டு மட்டும் இருந்தால் கச்சேரி, பேச்சு மட்டும் இருந்தால் பட்டிமன்றம்.

பாண்டிருப்பைச் சொன்னேன் அல்லவா, கல்முனைக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது, பதினெட்டு நாள் திருவிழா நடக்கிறது. வனவாசம் உண்டு, அருச்சுனன் தவம் உண்டு, முடிவில் தீயில் இறங்குவதும் உண்டு. அதைத் தீப்பள்ளயம் என்கிறார்கள். தாதன் என்ற ஒரு வைணவர் இந்தியாவிலிருந்து பாரதத்தைக் கொண்டுவந்து தொடங்கிவைத்தது என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. எங்கள் சுவரொட்டியைப் படித்துவிட்டு அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இது எங்கட கோயில் நோட்டீஸ் போலக் கிடக்கு, ஆர் ஆர காப்பியடிச்ச?" என்பதுதான்.

ஆனால் ஆட்டத்துக்கு வந்தால் வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். நான் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. மட்டக்களப்பில் களரி வட்டமானது, சனம் சுற்றிவர இருக்கும். ஆர்மோனியம் கிடையாது, முகவீணை கிடையாது. மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும்தான். அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு களரிக்குள்ளேயே நின்று, ஆடுகிறவரோடு கூடவே நகர்ந்து அடிப்பார். எங்கள் வாத்தியக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஆட்டக்காரர் அவர்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் பேசுவார். அங்கே மத்தளமும் ஆட்டமும் நேருக்கு நேர் நின்று மல்லுக்கட்டும். வடமோடி என்றால் போர்க் கதைகள், பெரிய கிரீடம், கரப்புடுப்பு என்று வளையம் வைத்து விரிந்து நிற்கும் பாவாடை. தென்மோடியில் உடுப்பு பாரம் குறைவு, தாளக்கட்டு நீளமும் சிக்கலும் அதிகம். எங்கள் பக்கத்திலும் வடக்கத்தி, தெற்கத்தி என்று இரண்டு பாணி சொல்வோம். பெயர் ஒத்துப்போகிறதே என்று இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு கணக்கு.

எனக்கு அங்கே பொறாமையே வந்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்களில் கூத்தை ஜமா என்ற தொழில்முறைக் குழு வந்து ஆடுகிறது. முன்பணம் கொடுத்துப் பேசிவிட்டு வர வேண்டும். மட்டக்களப்பில் ஊரே ஆடும். வயலுக்குப் போகிறவரும் வலை வீசுகிறவரும்தான் ஆட்டக்காரர்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். மாதக் கணக்கில் பழகுவார்கள். கால் தேறியபின் சதங்கை அணிதல் என்று ஒரு விழா. அரங்கேற்றத்துக்கு முன்னால் முழுசாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அரங்கேற்றம் முடிந்தபின் வீட்டுக்கு வீடு போய் ஆடுவதும் உண்டு. மாப்பிள்ளை பார்க்கப் போனால் பையன் எந்தக் கூத்தில் என்ன வேஷம் கட்டினான் என்று விசாரிப்பார்களாம். இது அண்ணன் சொன்னது, அவர் கொஞ்சம் ஏற்றிச் சொல்லக்கூடிய ஆள்.

அங்கே இந்தக் கலை படித்தவர்கள் கண்ணில் மறுபடி பட்டதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். கிராமத்து அண்ணாவியார்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர்களுக்குப் பழக்கி, 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். அப்போது ஆடிய மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிப் பெரிய ஆய்வு எழுதிய சி. மௌனகுரு. இதற்குச் சில வருஷம் முன்னால், 1956இல், நாடகாசிரியர் சரச்சந்திர சிங்களத்தில் 'மனமே' நாடகத்தைப் போட்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அதன் வடிவம் சிங்கள நாடகம என்ற பழைய கூத்திலிருந்து வந்தது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வாரிசு. பாட்டு எல்லையைத் தாண்டும் என்றேனே, மொழியையே தாண்டியிருக்கிறது பாருங்கள்! இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன நம்மவர்களின் வாரிசுகள், தமிழ்ப் பேச்சு மறந்த பிறகும் இரவெல்லாம் தமிழில் பாடிக் கூத்து நடத்தினார்கள். கட்டியக்காரன் மட்டும் கிரியோல் பேசியிருப்பான் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

இந்தப் பைத்தியம் முற்றிப்போய், இப்படி எல்லை வெட்டின வேறு கூத்துகள் எங்கே என்று தேடியதில் எனக்குக் கிடைத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் எவே மக்கள். ஜெர்மனிக்காரன் ஆண்ட டோகோலாந்தை முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் பங்கு போட்டார்கள். பிரிட்டன் பங்கு 1956இல் வாக்கெடுப்பு நடந்து கானாவோடு சேர்ந்தது, பிரெஞ்சுப் பங்கு 1960இல் டோகோ ஆனது. நடுவில் கிழிபட்டவர்கள் எவே. இந்தப் பக்கம் படிப்பு ஆங்கிலத்தில், அந்தப் பக்கம் பிரெஞ்சில். பேச்சுமொழியோ அதற்கும் முன்னாலிருந்தே ஊருக்கு ஊர் வேறு. கடலோர அன்லோ பேச்சு ஒரு மாதிரி, உள்நாட்டுப் பேச்சு இன்னொரு மாதிரி. ஆனால் கான்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணியைத் தட்ட ஆரம்பித்து அக்பாட்ஜா ஆட்டம் தொடங்கிவிட்டால் எல்லைக்கு இருபுறத்துக் காலும் ஆடும். பதிவுகளைக் கேட்டுவிட்டு அண்ணனுக்கு அனுப்பினேன். "மணிதான் அவங்கட சல்லரி" என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

அந்த இரண்டு வல்லரசுகளும் நமக்கும் புதியவர்கள் இல்லை. செஞ்சிக் கோட்டை 1750இலிருந்து 1761வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1760இல் வந்தவாசியில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். 1954 நவம்பர்வரை புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகத்தில்தான் இருந்தது. அதுவும் ஒரே துண்டாக அல்ல, தென்னாற்காட்டு ஊர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. திரௌபதி அம்மனுக்கு அந்தக் கோடெல்லாம் ஒரு கணக்கா?

சரி, விடிந்த கதைக்கு வருகிறேன். கர்ணன் மோட்சம் போய், மங்களம் பாடி, எல்லோரும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினோம். அரிதாரம் பாதி கலைந்த முகங்கள். அண்ணன் மிருதங்கக்காரரிடம் போய், "வாத்தியாரே, ஒருக்காத் தாறீங்களா?" என்று கேட்டார். அவர் கொடுத்தார். உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, சரிவராது என்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டை முறுக்கி, மிருதங்கத்தை இடுப்போடு கட்டிக்கொண்டார்! டீக்கடையே நிமிர்ந்து பார்த்தது. நின்றபடி வடமோடி வரவுத் தாளம் ஒன்றை வாயால் சொல்லி அடிக்க ஆரம்பித்தார். அவர் சொற்கட்டில் 'தெய்' அடிக்கடி வந்து விழுந்தது, எங்கள் வாத்தியார் பதிலுக்குச் சொன்னதில் 'தோம்'. கர்ணன் வேஷம் கட்டியவருக்குக் கால் பொறுக்கவில்லை, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார்.

முதல் சுற்று அழகாகப் பொருந்தியது. இரண்டாவது சுற்றும். தாளத்தை முடிக்கிற இடத்தில் வந்தது வம்பு. எங்கள் ஆள் வழக்கப்படி இன்னும் ஒரு சுழற்சி போட்டுக் காலை ஊன்றப் பார்க்கிறார், அண்ணனோ அதற்குள் முடித்துவிட்டார். கர்ணன் அந்தரத்தில் நின்றார். சிரிப்பென்றால் சிரிப்பு! திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நீ அரை மூச்சு முன்னால் நிறுத்து, நான் ஒரு சொல் கூட்டுகிறேன் என்று பேரம். கடைசியில் காலும் கையும் ஒரே இடத்தில் வந்து விழுந்தபோது டீக்கடைக்காரர் விசிலடித்தார். பேச்சில் வட்டார வழக்கு இருக்கிற மாதிரி அடியிலும் வட்டார வழக்கு இருக்கிறது என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கலாம். கண்ணெதிரே அது இடறி விழுந்து எழுந்திருப்பதைப் பார்க்கிற சுகமே வேறு.

நீங்களும் போக வேண்டும். பங்குனியிலிருந்து ஆனிவரை எப்போது வேண்டுமானாலும் வந்தவாசி, செய்யாறு, செஞ்சிப் பக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி எங்கே பாரதம் நடக்கிறது என்று கேளுங்கள், யாராவது ஒருவர் கை காட்டுவார். செய்யாறுப் பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் ஊர். கூத்துப் பிரியர்களுக்கு அது காசி. ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் எதிரே மட்டும் உட்காராதீர்கள். இப்போதெல்லாம் ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள் என்று எனக்கு ஆறாத கோபம். முகவீணைக்கு மைக் எதற்கு? பாய், ஒரு சால்வை, தண்ணீர் போதும். பதினொரு மணிக்கு எழுந்து போய்விடலாம் என்ற நினைப்போடு வராதீர்கள், கூத்து சூடு பிடிப்பதே நடுநிசிக்கு மேல்தான்.

கிளம்பும்போது அண்ணன் ஜமா முழுவதையும் மட்டக்களப்புக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு இரவு நீங்கள் ஆடுங்கள், மறு இரவு நாங்கள் ஆடுகிறோம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டியக்காரன் மட்டும், முகத்து வெள்ளைப் புள்ளிகளைத் துடைத்தபடி, சந்தேகமாகக் கேட்டான்:

"நா பேசறது அங்க யாருக்குமே புரியாதுன்றியே சார். அப்ப அந்த ஊர்த் தலைவர் பேரு இன்னா, அவுரு வூட்டுச் சண்டை இன்னான்னு முன்னாடியே எழுதி அனுப்பிடு. ஆமா, பாஸ்போர்ட்டுக்கு ஆதார் மட்டும் போதுமா?"